ஹவுஸ் ஓனருக்குக் கண்ணீர் அஞ்சலி

ஓசூரில் பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகள். முன்வீட்டில் ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும். பின்னால் வரிசையாக ஐந்து போர்ஷன்கள், அதில் மூன்றாவது எங்களுடையது. கல்யாணமாகிக் கல்லாவியிலிருந்து வந்தபோது இரண்டு வருடம் இருப்போம் என்று நினைத்தோம்.

முன்வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். முதல் போர்ஷனில் கன்னடம். கடைசி இரண்டில் வருடத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். மதுரைத் தமிழ் போய்த் திருநெல்வேலித் தமிழ் வரும், இப்போது இந்தி வந்திருக்கிறது. குழாயடியில் எல்லோரும் தமிழில்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள். கோபம் கூடினால் அவரவர் மொழிக்குப் போய்விடுவார்கள். நான் தெலுங்கு கற்றது அப்படித்தான். அதனால் இன்றைக்கும் எனக்குத் தெலுங்கில் ஒருவரை வாழ்த்தத் தெரியாது.

ஹவுஸ் ஓனர் ஒரு கம்பெனியில், அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மயிரிழையில் பத்தில் ஒரு பங்கை அளந்து பழகிய கண். சுவரில் நான் ஆணி அடித்தால் வாசலில் நின்றபடியே, "அரை இஞ்ச் எறங்கியிருக்கு பாரும்மா" என்பார். அளந்து பார்த்தால் அரை இஞ்ச் இறங்கியிருக்கும். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. சிரிக்கக் கூடாது என்பதல்ல, அதற்குச் சரியான காரணம் வேண்டும் என்று நினைக்கிறவர்.

நான்கு வருடத்துக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பனி இன்னும் விலகவில்லை. காலை ஆறரைக்கு அவர் என்னைத் திட்டினார். வாளி நிரம்பி வழிகிறது, நான் கதை பேசிக்கொண்டு நிற்கிறேன் என்று. ஏழு மணிக்கு நான் அவரைக் கண்டுகொள்ளாமல் பால் வாங்கத் தெருமுனைக்குப் போனேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. அதில் ஹவுஸ் ஓனர் இருந்தார்.

ரிட்டயர்மென்ட் அன்று எடுத்த போட்டோ. வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலை, முகத்தில் அதே முறைப்பு. கீழே அவர் பெயர். இயற்கை எய்தினார் என்றும், இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும் என்றும் போட்டிருந்தது. ஆழ்ந்த வருத்தத்துடன், ஓய்வுபெற்ற தொழிலாளர் நண்பர்கள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் என்னைத் திட்டிய மனிதர். அதற்குள் செத்து, ஃப்ளெக்ஸும் அடித்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பால் வாங்காமல் ஓடி வந்தேன். வரும் வழியிலேயே நான் வேலை பார்க்கும் கம்பெனியின் லைன் லீடருக்குப் போன் செய்து, மதியம் பி ஷிஃப்டுக்கு வர நேரமாகும் என்றேன். அவர் ஏன் என்றார். "எங்க வீட்டுக்காரர் போட்டோ கண்ணீர் அஞ்சலியில போட்டிருக்குங்க" என்றேன். மூச்சு வாங்கியதில் ஹவுஸ் ஓனர் என்ற வார்த்தை வரவில்லை. அவர், "நாலு நாள் லீவு எடுத்துக்கம்மா, நான் பாத்துக்கறன்" என்று வைத்துவிட்டார். பதினோரு வருடச் சர்வீஸில் கேட்காமல் கிடைத்த ஒரே லீவு அது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவரை எழுப்பி லீவு கிடைத்த கதையைச் சொன்னேன். அவர், "அப்போ நான் வெளிய வர வேணாமா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் போர்த்திக்கொண்டார்.

முன்வீட்டில் அக்கா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். ஹவுஸ் ஓனரின் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஐயா எங்கக்கா?"

"குளிக்கறாரு. ஏன், மறுபடியும் திட்டிட்டாரா?"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஒரு அவரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டே பாத்ரூம் கதவைத் தட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்டார். "ஏன்?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அக்கா திரும்பி வந்து உட்கார்ந்து உரிப்பதைத் தொடர்ந்தார். தோலைப் பாத்திரத்திலும் கொட்டையைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் குளித்து, விபூதி வைத்துக்கொண்டு, தெருமுனைக்கு வந்தார். நானும் பின்னாலேயே போனேன். ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எனக்கு வயசு அறுபத்தெட்டு. எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கான்."

"ஆமாங்கய்யா."

"பிரஸ் ஷாப்னு போட்டிருக்கான். நான் டூல் ரூம்."

அவருக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்த வரியைச் சொன்ன பிறகு அவர் முகம் மாறியது. ஃப்ளெக்ஸைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார். அந்தப் பக்கமாகக் கீரைக்கூடையோடு வந்த அம்மா ஃப்ளெக்ஸைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்தால் அவரே பக்கத்தில் நிற்பதைக் கண்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். ஹவுஸ் ஓனர் அவரிடம், "தண்டுக்கீரை இருக்கா?" என்று கேட்டார்.

திரும்பி நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "அப்போ அவன்தான் போயிட்டான்."

அவன் என்பது அடுத்த தெருவில் இருந்தவர். ஹவுஸ் ஓனரின் அதே பெயர், அதே இனிஷியல். ஒரே கம்பெனி, அவர் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப், இவர் டூல் ரூம். அவர் போட்ட லீவு இவர் கணக்கில் ஏறும். இவருக்கு வர வேண்டிய புரமோஷன் கடிதம் ஒரு வாரம் அவர் லாக்கரில் கிடந்திருக்கிறது. ஒருமுறை அவர் செய்த தகராறுக்கு இவருக்கு மெமோ வந்தது. இருவரும் முப்பது வருடம் ஒரே கம்பெனி பஸ்ஸில் போனார்கள், வேறு வேறு வரிசையில் உட்கார்ந்து. பேச்சு வார்த்தை கிடையாது. அவர் வீட்டு வாசல்படியை இவர் மிதித்ததில்லை.

"போயிட்டு வந்துடுங்க" என்றார் அக்கா.

"அந்த ஃப்ளெக்ஸ மொதல்ல எடுக்கட்டும். என் மூஞ்சி அங்க தொங்கறப்போ நான் எப்படி அங்க போய் நிக்கறது?"

அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்குப் போன் செய்தோம். அவர் வீடு எங்கள் தெருவின் கடைசியில்தான், கடை பஸ் ஸ்டாண்ட் பக்கம். போன் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு, விடிய விடிய வேலை செய்துவிட்டுத் தூங்குகிறார் என்று அவர் அம்மா சொன்னார்.

அதற்குள் ஹவுஸ் ஓனரின் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. யாரோ ஃப்ளெக்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் எல்லாப் போனையும் எடுத்தார். எடுக்காமல் விட்டால் உறுதியாகிவிடும் என்பது அவர் வாதம்.

"ஆமாங்க, அவர் நம்பர்தான்... அவர்தான் பேசறன்... இல்லீங்க, நல்லாத்தான் இருக்கன்... நாலு மணிக்குன்னு போட்டிருக்கு... சரிங்க, சொல்லிடறன்."

யாரிடம் எதைச் சொல்வதாகச் சொன்னார் என்று தெரியவில்லை.

எட்டரைக்கு ஒரு டெம்போவில் முப்பது நாற்காலிகள் வந்தன. நண்பர்கள் சங்கம் சொல்லி அனுப்பியதாம். பெயர் இதுதானே என்று கேட்டார்கள், பெயர் இதுதான். இறக்கி வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாற்காலி இருந்ததால் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒன்பதரைக்குள் இருபது பேர் இருந்தார்கள், ஏழெட்டு மாலைகளோடு. உயிரோடு இருப்பவரைப் பார்த்ததும் எழுந்து போவது மரியாதையில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் போகவில்லை. மாலையைக் கொண்டுவந்தவர்கள் அதை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். அக்காவும் நானும் காபி போட்டோம். சாவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கலாமா என்று முதல் போர்ஷன்காரி கன்னடத்தில் கேட்டாள். இது சாவு வீடு இல்லை என்று அக்கா தெலுங்கில் பதில் சொன்னார்.

பத்து மணிக்கு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் எழுந்து, விஷயம் கேட்டு, லுங்கியோடு ஓடி வந்தார். முப்பது வயதுப் பையன்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், சங்கத்துல பேர் எழுதி அனுப்புனாங்க சார். போட்டோ அவங்க குரூப்லருந்துதான் வந்துச்சு."

"என் மூஞ்சி உனக்குத் தெரியாதாப்பா? நீ பொறந்ததுலருந்து பாக்கறியே?"

"தெரியும் சார். அதான் அழுதுகிட்டே டிசைன் பண்ணன்."

ஹவுஸ் ஓனர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "உக்காரு, காபி குடி" என்றார். பிறகு, "வயசு ஏன் அப்படி வெச்ச?" என்றார்.

அந்த நேரத்தில்தான் கேட்டுக்கு வெளியே ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. "தம்முடூ..." என்று. தெலுங்கில் தம்பி. ஹவுஸ் ஓனரின் அண்ணன்.

அவர் கர்நாடகா பக்கம் மாலூரில் இருக்கிறார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஒன்பது வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பிவிட்டார். அந்த மாதம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். அதைத் தம்பி ஏற்கவில்லை. "முட்டி வலிச்சா பஸ்ல உக்காந்துதான வரப் போறாரு, நடந்தா வரப் போறாரு?" என்று என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறார்.

அண்ணன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து, வாழை இலையில் சுற்றிய மாலையோடு உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து வழி விட்டார்கள். வழியின் முடிவில் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அழுகை நின்றது. இருவரும் பேசியது தெலுங்கில். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

"சாகலையா நீ?"

"இல்ல."

"அப்போ போன் பண்ணிச் சொல்ல மாட்டியா?"

"என்னன்னு சொல்றது? ஒன்பது வருஷம் கழிச்சு, சாகலைன்னா?"

அண்ணன் கையிலிருந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் அதை ஹவுஸ் ஓனரின் ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் மாட்டினார். பிறகு தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, வழியெல்லாம் அழுததைவிட அதிகமாக அழுதார். ஹவுஸ் ஓனர் பேப்பரை இறக்கவில்லை. நான் காபி டம்ளரோடு எதிரில் நின்றேன். அவர் கால் மணி நேரமாக ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை.

பதினோரு மணி வாக்கில் தோளில் துண்டு போட்ட இரண்டு பேர் கேட்டருகே வந்து தயங்கி நின்றார்கள். வயல் வேலை செய்கிற கை, செருப்பில் செம்மண்.

"உத்தனப்பள்ளிலருந்து வர்றோம்ங்க. எங்க மாமா தவறிட்டாருன்னு சேதி வந்துது. வீடு தெரியல. அங்க போர்டுல பேரு சரியா இருக்கு, மூஞ்சி வேறயா இருக்குங்க. அதனால வேற யாரோன்னு ரெண்டு தெரு சுத்திட்டு வந்தோம். எங்காளுங்க இன்னும் நாலஞ்சு பேரு அப்படியே திரும்பிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாங்க போல."

வாசலில் முப்பது நாற்காலி, ஏழெட்டு மாலை, இருபது பேர். இவையெல்லாம் அடுத்த தெருவில் இருக்க வேண்டியவை.

ஹவுஸ் ஓனர் பேப்பரை நான்காக மடித்து வைத்துவிட்டு எழுந்தார். சட்டை மாற்றவில்லை. "எல்லாரும் ஆளுக்கொரு நாற்காலிய எடுத்துக்கங்க" என்றார். பிறகு உத்தனப்பள்ளிக்காரர்களிடம், "வாங்க. வீடு நான் காட்டறன். போனவங்களுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

அப்படித்தான் போனோம். முன்னால் ஹவுஸ் ஓனர், கை நிறைய மாலைகள். பின்னால் தலைகீழாக நாற்காலி கவிழ்த்த இருபது தலைகள். முட்டி வலியோடு அண்ணனும் வந்தார். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஏறி அந்தப் போட்டோவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஹவுஸ் ஓனர் நிமிர்ந்து பார்க்காமல் அதைக் கடந்தார்.

அடுத்த தெரு வீட்டில் மொத்தமே எட்டு பேர் இருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர், நாற்காலி ஏன் வரவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் மனைவியும், பெங்களூரில் வேலை பார்க்கும் மகளும். இவ்வளவு கூட்டம் ஒரேயடியாக நுழைந்ததும் அந்த அம்மா திகைத்துப்போய் எழுந்தார்.

"ஏன் யாருமே வரலன்னு நெனச்சுட்டு இருந்தங்க" என்றார்.

"எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துட்டாங்கம்மா. தப்பு எங்க பக்கம்" என்றார் ஹவுஸ் ஓனர்.

மாலையைப் போட்டார். இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். மறுபடியும் போய், இடது பக்கம் நீளமாக இருந்த மாலையை இழுத்து இரண்டு பக்கத்தையும் சமமாக்கினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுவார் என்று நான் நினைத்தேன்.

அந்த அம்மா மகளிடம் திரும்பி, "இவர்தான் அந்த டூல் ரூம் சார்" என்றார். எங்களைப் பார்த்தும் பொதுவாகச் சொன்னார்: "இவ பொறந்த சேதி ஆஸ்பத்திரிலருந்து கம்பெனிக்குப் போன்ல சொன்னாங்க. பேரு மாறி டூல் ரூமுக்குப் போயிருச்சு. அங்க எல்லாரும் இவருக்குக் கை குடுத்து, ஸ்வீட்டு வாங்கச் சொல்லி, ஒரே கூத்தாம். இவரு ஸ்வீட்டு வாங்கிட்டு வந்து, நடந்தே எங்க வீட்டுக்காரர் இருந்த ஷாப்புக்குப் போய், 'உனக்குப் பொண்ணு பொறந்திருக்கு'ன்னு டப்பாவக் கையில குடுத்துட்டு வேற ஒரு வார்த்த பேசாம வந்துட்டாராம். அவரு சாகற வரைக்கும் அதைச் சொல்வாருங்க. ஆனா போய்ப் பேச மட்டும் மாட்டாரு."

ஹவுஸ் ஓனருக்கும் அக்காவுக்கும் குழந்தை இல்லை. அந்தப் போன் வந்த வருடம் அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது என்று அக்கா பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார். அப்போது என் பக்கத்தில் நின்று, முதல் தடவையாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்திருந்தார். விடவில்லை.

அந்தப் பெண் ஹவுஸ் ஓனரைப் பார்த்தாள். அவர் மாலையைப் பார்த்தார்.

மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள். ஹவுஸ் ஓனர் சுடுகாடு வரை போனார். உத்தனப்பள்ளியிலிருந்து வந்து திரும்பிப்போன நாலு பேரும் பாதி வழியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டார்கள். ஐந்தரைக்கு எல்லோரும் வந்து குளித்தோம். காலையிலிருந்து யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அக்கா களி கிளறினார், நான் அவரைக்காய்க் குழம்பு வைத்தேன். அண்ணனும் தம்பியும் அண்ணன் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். என்னையும் என் கணவரையும் விடவில்லை.

அக்கா களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டார். "அந்தப் போன் வந்துதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"நம்ம வீட்டுச் சேதி இல்லையே. என்னன்னு சொல்றது?"

"ஸ்வீட்டு என்ன வாங்குனீங்க?"

அவர் யோசித்தார். "மைசூர்பாகு."

"அன்னிக்கு வீட்டுக்கும் கொண்டு வந்தீங்க" என்றார் அக்கா. "ஏன்னு கேட்டன். சும்மான்னீங்க."

அண்ணன், குழம்பில் உப்பு குறைவு என்றார். குறைவுதான்.

அண்ணன் நாலு நாள் தங்கினார். ஐந்தாம் நாள் தம்பியோடு ஏதோ ஒரு நிலத்தின் வரப்பு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். மாலூரில் இறங்கியதும் போன் செய்து சண்டையைத் தொடர்ந்தார். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை போனில் சண்டை போடுகிறார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சரியான போட்டோவோடு வேறு ஃப்ளெக்ஸ் அடித்து அன்று மதியமே கட்டினார். வயதையும் பிரஸ் ஷாப்பையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போனபோது லைனில் எல்லோரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். பொட்டு இருந்தது. விளக்கிச் சொல்லி முடிக்க இரண்டு டீ பிரேக் ஆனது. மீதி லீவை ரத்து செய்துவிட்டார்கள்.

இறந்தவருடைய மனைவிக்குப் பென்ஷன் மாற்ற ஹவுஸ் ஓனர்தான் ஆபீஸ் ஆபீஸாகக் கூடப் போனார். எந்தக் காகிதம் யாருடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு ஆபீஸில், "இறந்தவர் பேர் சொல்லுங்க" என்றார்கள். சொன்னார். "நீங்க?" என்றார்கள். அதையும் சொன்னார். அந்தக் கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாராம். அக்காவிடம் இதைச் சொல்லும்போது ஹவுஸ் ஓனர் சிரித்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பார்த்தேன்.

மகள் மாதம் ஒரு முறை அம்மாவைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து வருவாள். திரும்பிப் போகும்போது எங்கள் காம்பவுண்டுக்கும் வருவாள். முன்வீட்டில் அரை மணி நேரம் உட்காருவாள். பெரிதாகப் பேச்சு ஒன்றும் இருக்காது. அத்திப்பள்ளியில் டிராஃபிக் எப்படி என்று அவர் கேட்பார், மோசம் என்று அவள் சொல்வாள். வரும்போதெல்லாம் ஒரு பெட்டி இனிப்பு கொண்டுவருவாள். ஹவுஸ் ஓனருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவள் தலை மறைந்ததும் அக்கா அந்தப் பெட்டியை எங்கள் போர்ஷனுக்குக் கொடுத்துவிடுவார். நாங்கள் திறந்து பார்க்கும்போது எப்போதும் இரண்டு குறைவாக இருக்கும்.